மிதிவண்டி மட்கார்டுப் பொருள்கள்

மிதிவண்டி மட்கார்டு அல்லது சேற்றுக்காப்பு என்பது மிதிவண்டிச் சக்கரத்தின் மேற்புறத்தைத் தழுவியவாறு வளைவாகப் பொருத்தப்படும் தகடு ஆகும். சுழலும் சக்கரம் எறியும் நீர், சேறு, மணல் ஆகியவை ஓட்டுபவர் மீதும் சங்கிலி, தாங்கி முதலிய பாகங்கள் மீதும் படாமல் இது காக்கிறது. மட்கார்டுகள் மென் எஃகு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், பல வகை நெகிழிகள், அரிதாக மரம், மூங்கில் ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. எந்தப் பொருள் ஏற்றது என்பது வண்டி ஓடும் இடத்தைப் பொறுத்தது. உள்நாட்டு ஊர் ஒன்றில் இருபது ஆண்டுகள் உழைக்கும் மட்கார்டு, கடலோர ஊரில் சில ஆண்டுகளிலேயே ஓட்டை விழுந்துபோகலாம். இக்கட்டுரை, பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டுப்பள்ளி போன்ற மீனவர் ஊர்களின் உப்புக்காற்றுச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருள்களின் இயல்புகளை விளக்குகிறது.

பெயர்

தமிழ்ப் பேச்சு வழக்கில் மட்கார்டு, மட்காடு என்ற சொற்களே பரவலாக உள்ளன. சேற்றுக்காப்பு, சேறுதடுப்பு என்பன எழுத்து வழக்கில் ஆளப்படும் ஆக்கங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் இதனைப் பெண்டர் என்பர். தமிழகத்தில் அச்சொல் மிதிவண்டிக்கு வழங்குவதில்லை. மட்கார்டின் கீழ் நுனியில் தொங்கவிடப்படும் ரப்பர் அல்லது நெகிழித் துண்டு மட்பிளாப் எனப்படும். மட்கார்டைச் சக்கர அச்சுக்கு அருகில் சட்டத்துடன் இணைக்கும் மெல்லிய கம்பிகள் இக்கட்டுரையில் தாங்குகம்பிகள் எனக் குறிக்கப்படுகின்றன.

செயற்பாடு

ஈரச் சாலையில் உருளும் டயர் தன் மேற்பரப்பில் ஒட்டிய நீரைத் தொடுகோட்டுத் திசையில் எறிகிறது. ஓட்டுபவரின் பார்வையில், இந்நீர்த்துளி புறப்படும் வேகம் வண்டியின் வேகத்துக்குச் சமம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியில் துளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர் ஆகும். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பின்சக்கரத்தின் பின்புறத்தில் அச்சு உயரத்திலிருந்து நேர் மேலே எறியப்படும் துளி அங்கிருந்து ஏறத்தாழ 0.9 மீட்டர் எழும்பும். அதாவது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தை, ஓட்டுபவரின் முதுகை, எட்டும். வேகம் 20 கி.மீ. ஆனால் துளி தலைக்கு மேலும் செல்லக்கூடும். எழுச்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுவதே இதற்குக் காரணம்.

முன் மட்கார்டு முகத்தைக் காப்பதைவிடக் காலையும் சங்கிலியையும் காப்பதற்கே அதிகம் பயன்படுகிறது. முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தெறிக்கும் மணல் கலந்த நீர் நேராகப் பெடல் அச்சுக்கும் சங்கிலிக்கும் செல்கிறது. எனவே முன் மட்கார்டு தரைக்கு அருகில் வரை நீண்டிருப்பதும், அதன் நுனியில் மட்பிளாப் இருப்பதும் வண்டியின் ஆயுளைக் கூட்டும். விளையாட்டு மிதிவண்டிகளில் காணப்படும் குட்டையான முன் மட்கார்டு இவ்வேலையை ஏறத்தாழச் செய்வதே இல்லை எனலாம்.

காட்டுப்பள்ளியின் சூழல்

காட்டுப்பள்ளி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், எண்ணூருக்கு வடக்கிலும் பழவேற்காட்டுக்குத் தெற்கிலும் உள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதனோடு இணைந்த உப்பங்கழிகளும். இவற்றுக்கு இடையே கிடக்கும் குறுகலான மணல்திட்டே இந்நிலப்பகுதி. வடக்கிலுள்ள பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஏரிநீரின் உவர்ப்பு மழைக்காலத்தில் குறைந்தும் கோடையில் மிகுந்தும் காணப்படுகிறது.

மீன்பிடித்தலையும் இறால், நண்டு பிடித்தலையும் நம்பியுள்ள இவ்வூர்களின் அருகே பெரிய தொழில் நிறுவனங்களும் அமைந்துள்ளன. எண்ணூர்த் துறைமுகம் 2001 இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 இலும் செயற்படத் தொடங்கின. நாள்தோறும் 10 கோடி லிட்டர் நன்னீர் தரவல்ல கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010 இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் உள்ளது.

மட்கார்டைப் பொறுத்தவரை இவ்விடத்தின் முதன்மையான சிறப்பு, உப்பிலிருந்து ஒதுங்க இடமில்லை என்பதாகும். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புநீர்த் துளிகள் காற்றில் மிதந்து நிலத்தில் படிகின்றன. இப்படிவு கரையிலிருந்து உள்ளே செல்லச்செல்ல விரைவாகக் குறையும். முதல் சில நூறு மீட்டரிலேயே பெரும்பகுதி விழுந்துவிடும். சென்னை நகரில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழ்பவருக்கு இது சிறு தொல்லை மட்டுமே. மணல்திட்டில் வாழ்பவருக்கோ ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. காற்று எத்திசையில் அடித்தாலும் உப்பு வருகிறது. அதனுடன், காற்றில் சாலைக்கு அடித்துவரப்படும் கடல்மணலும் சேர்கிறது.

இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள அம்பத்தூர், தென்னிந்திய மிதிவண்டித் தொழிலின் தலைமையிடம் எனத்தகும். 1949 இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகிய பெயர்களில் மிதிவண்டிகளை விற்றுவந்தது. கருப்பு எனாமல் பூசி, பொற்கோடு இட்டு, பின் மட்கார்டின் அடியில் வெள்ளைப் பட்டை தீட்டிய எஃகு மட்கார்டு, இவ்வகை 28 அங்குல வண்டிகளின் அடையாளமாகவே தமிழர் மனத்தில் பதிந்துள்ளது. அவ்வெள்ளைப் பட்டை அழகுக்காக வந்ததன்று. பின்னால் வரும் ஊர்திக்கு இருளில் வண்டி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அரிமானம் நிகழும் முறை

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வு. உலோகத்தின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் மின்னணுக்களை விட்டுவிட்டுக் கரைகின்றன. வேறோர் இடத்தில் ஆக்சிசனும் நீரும் அம்மின்னணுக்களை ஏற்கின்றன. இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் நிகழ மின்கடத்தும் நீர்ப்படலம் ஒன்று தேவை. தூய மழைநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கலந்த நீர் நன்கு கடத்தும். மேலும் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைக்கும் திறன் உடையவை.

உப்பின் மற்றொரு தன்மை பலரும் அறியாதது. சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆகவே உப்பு படிந்த மட்கார்டு, மழை பெய்யாத நாளிலும், வெயில் அடிக்கும் பகலிலும்கூட, உலோகத்தின் கணக்கில் நனைந்தே இருக்கிறது. காட்டுப்பள்ளிக் கரையில் பெரும்பாலான இரவுகளின் ஈரப்பதம் இதற்குப் போதுமானது.

மட்கார்டு வெளிப்புறத்திலிருந்து துருப்பிடிக்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது பெரும்பாலும் உள்ளிருந்தே அழிகிறது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. டயர் எறியும் மணல் உட்புறப் பூச்சைச் சிறிது சிறிதாக உராய்ந்து எடுத்துவிடுகிறது. மழை வெளிப்புறத்தைக் கழுவுகிறது. உட்புறத்து உப்பைக் கழுவுவதில்லை. கடலோரங்களில் மழை படும் பரப்பைவிட மழை படாத மறைவான பரப்பு விரைவாக அரிபடுவது அரிமான ஆய்வாளர்கள் நன்கறிந்த ஒன்று. மூன்றாவதாக, தகட்டின் விளிம்பு விறைப்புக்காக உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பு ஈர மணலைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு வாய்க்காலாக மாறிவிடுகிறது. வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கையிலேயே விளிம்பில் துரு ஊறி, ஒருநாள் கொப்புளம் போல் பூச்சு எழும்பும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வதால் இக்கொப்புளம் உண்டாகிறது. அதனைக் காணும்போது தகடு ஏற்கனவே மெலிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

அனல்மின் நிலையங்களின் புகையில் வரும் கந்தக டைஆக்சைடு, ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி அரிமானத்தை மேலும் விரைவுபடுத்தும். கடலுப்பும் கந்தகமும் ஒருங்கே உள்ள இடங்கள் வளிமண்டல அரிமானத்தை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரத்தில் கடுமையான பிரிவுகளைச் சேர்ந்தவை.

இந்தியாவில் இத்துறையின் முதன்மை ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953 இல் அது திறக்கப்பட்டது. இதன் கடற்கரை அரிமானச் சோதனை நிலையம் இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையான மண்டபத்தில் இயங்குகிறது. உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வைத்து எடையிழப்பை அளப்பது இத்தகைய நிலையங்களின் அடிப்படை வேலையாகும். நாட்டின் அரிமான வரைபடமும் இவ்வாய்வகத்தால் உருவாக்கப்பட்டது.

பொருள்கள்

மென் எஃகு

மலிவானது, வலிமையானது, எந்த ஊர்க் கடையிலும் தட்டி நிமிர்த்தக்கூடியது. மிதிவண்டி மட்கார்டின் வரலாற்றில் பெரும்பகுதி இதற்கே உரியது. வெறும் எஃகு உப்புக்காற்றில் சில நாள்களிலேயே பழுப்பேறும் என்பதால் இதன் ஆயுள் முழுவதும் பூச்சைச் சார்ந்தது.

நல்ல பூச்சு என்பது ஒரே அடுக்கன்று. முதலில் தகட்டைப் பாஸ்பேட்டுக் கரைசலில் தோய்த்துப் படிகப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றனர். பூச்சு இறுகப் பிடிக்க இப்படலம் உதவுகிறது. அதன்மேல் அடிப்பூச்சும், பின்னர் சூளையில் உலர்த்திய எனாமலும் இடப்படுகின்றன. இப்படிகளில் எதைத் தவிர்த்தாலும் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் மழைக்காலத்தில் தெரியும்.

குரோமிய முலாம் பூசிய எஃகு பார்வைக்குக் கண்ணாடி போல் இருக்கும். ஆனால் அழகு முலாமின் குரோமிய அடுக்கு மிக மெல்லியது. அதில் நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உள்ளன. உண்மையான காப்பை அளிப்பது அதன் அடியிலுள்ள நிக்கல் அடுக்கே. அந்நிக்கல் மெலிதாக இருந்தால் உப்பு ஊடுருவி, ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு வெளிப்படும். நிக்கலும் குரோமியமும் இரும்பைவிட எளிதில் அரிபடாதவை ஆதலால், துளை விழுந்த இடத்தில் இரும்பே தன்னை இழக்கிறது. கடலோரத்துக்குக் குரோமிய முலாம் ஏற்றதன்று என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

துத்தநாக முலாம் இதற்கு நேர்மாறானது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரைவதால், முலாம் கீறப்பட்ட இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. மீனவர் ஊர்களில் பயன்படும் நாகத்தகட்டு வாளி இதே முறையில்தான் நீடித்து உழைக்கிறது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்த தகட்டில் செய்து, அதன்மேல் வண்ணம் பூசிய மட்கார்டு மென் எஃகு வகைகளில் மிகச் சிறந்தது. எனினும் துத்தநாகத்தின் மீது சாதாரண வண்ணம் நன்கு ஒட்டுவதில்லை. அதற்கெனத் தனி அடிப்பூச்சு வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு

1913 இல் செஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய கலவையிலிருந்து தொடங்கி இன்று பல வகைகளாக விரிந்துள்ளது. தமிழ்நாட்டு வழக்கில் எவர்சில்வர். இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது, மேற்பரப்பில் குரோமிய ஆக்சைடுப் படலம் தானே உருவாகிறது. கீறினாலும் ஆக்சிசன் கிடைத்தால் மீண்டும் மூடிக்கொள்கிறது. வண்ணப் பூச்சு தேவையில்லை என்பதால் மணல் உராய்வு இதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. மட்கார்டின் உட்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான பண்பு வேறில்லை.

ஆயினும் பெயரை முழுதும் நம்பலாகாது. குளோரைடு மிகுந்த இடத்தில் குழி அரிமானமும், திருகாணித் தலையின் அடியில் ஆக்சிசன் புகாத இடுக்கில் இடுக்கு அரிமானமும் ஏற்படும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள 304 வகை, கடலோரத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு நிறம் கொள்ளும். இது பெரும்பாலும் மேற்பரப்புக் கறையே. துடைத்தால் போகும், தகடு ஓட்டையாவதில்லை. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகை இதனினும் தாங்கும். ஆனால் மிதிவண்டி மட்கார்டுக்கு அது தேவைக்கு மிஞ்சிய செலவாகும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகுகள் மலிவு விலையில் கிடைக்கின்றன. அவற்றுள் குரோமியமும் குறைந்த வகைகள் உப்புக்காற்றில் விரைவில் நிறம் மாறும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது கடைத்தெருவில் பரவலான நம்பிக்கை. மட்கார்டு வாங்குபவர் இதனைச் சார்ந்திருக்க இயலாது. மலிவான 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. மாறாக, நிக்கல் இல்லாவிடினும் 17 விழுக்காடு அளவில் குரோமியம் உள்ள 430 வகையில் காந்தம் நன்கு ஒட்டும். நல்ல 304 தகடும், குளிர்நிலையில் உருட்டி வளைக்கப்பட்டபின் சிறிதளவு காந்தத்தை ஈர்க்கும். வகை எண்ணைக் கேட்டு வாங்குவதே வழி.

அலுமினியம்

எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதன்மேல் தானே உருவாகும் ஆக்சைடுப் படலம் சில நானோமீட்டர் தடிப்பே உடையது. மின்பகுப்பு முறையில் அதனை 5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை தடிப்பாக்கலாம். இவ்வாறு செய்த தகடு உப்புக்காற்றை நன்கு தாங்கும். சப்பானிய ஹோன்சோ நிறுவனத்தின் சுத்தியலால் தட்டிய வடிவுடைய அலுமினிய மட்கார்டுகள் உலகெங்கும் பயண மிதிவண்டி ஆர்வலர்களிடம் பெயர்பெற்றவை.

இரண்டு குறைகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அலுமினியத்துக்கு எஃகைப் போன்ற களைப்பு எல்லை கிடையாது. சிறிய அதிர்வும் பல இலட்சம் முறை தொடர்ந்தால் திருகாணித் துளையைச் சுற்றி வெடிப்பை உண்டாக்கும். குண்டும் குழியுமான மணற்சாலையில் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் அல்லது தோல் வாசர் இடுவது இதனைத் தள்ளிப்போடும். இரண்டாவது, வேறு உலோகங்களுடன் அதன் சேர்க்கை. உப்புநீரில் அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் அவை ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரையும். பித்தளைத் திருகாணியானால் நிலை இன்னும் மோசம். எஃகுத் திருகாணியுடன் பொருத்தியே தீரவேண்டும் என்றால் இடையே நைலான் வாசர் தேவை.

நெகிழிகள்

மின்வேதியியல் அரிமானம் நெகிழிக்கு இல்லை. உப்பு அதனை ஒன்றும் செய்வதில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே கடலோரத்துக்கு நெகிழி மட்கார்டு முதல் தெரிவாகத் தோன்றும். பெரும்பாலும் அது சரியே. அதன் பகை வேறு: கதிரவனின் புற ஊதாக் கதிர்கள்.

மட்கார்டுக்கு மிகுதியாகப் பயன்படும் பாலிபுரோப்பிலீன், காப்புச் சேர்மங்கள் கலக்கப்படாவிட்டால் வெயிலில் விரைவில் நொறுங்கும். அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் ஒன்றுவிட்ட கரி அணுதோறும் எளிதில் பறிக்கப்படக்கூடிய ஐதரசன் அணு ஒன்று இருப்பதே காரணம். சுண்ணாம்பு போல் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் தூள் வரும் நிலை இதன் முதல் அறிகுறி. ஏறத்தாழ 2 விழுக்காடு நுண்கரித்தூள் கலந்த கருப்பு நெகிழி பல மடங்கு தாங்கும். கரித்தூள் புற ஊதாக் கதிர்களை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடுகிறது. எனவே சிவப்பு, மஞ்சள் நெகிழி மட்கார்டுகள் கடையில் கவர்ச்சியாக இருப்பினும் காட்டுப்பள்ளி வெயிலுக்குக் கருப்பே தகும். மேலைநாட்டு நூல்கள் பாலிபுரோப்பிலீன் குளிரில் உடையும் என எச்சரிக்கும். அதன் நொறுங்கு வெப்பநிலை பூச்சிய பாகை செல்சியசை ஒட்டியது. தமிழகக் கடற்கரையில் இவ்வெச்சரிக்கைக்கு இடமில்லை.

பாலிகார்பனேட்டு இதைவிட விறைப்பும் மோதல் தாங்கும் வலிமையும் உடையது. ஆனால் பெட்ரோல் போன்ற கரைப்பான்களால் துடைத்தால் இழுவிசையுள்ள இடங்களில் நுண்வெடிப்பு காணும். செருமானிய எஸ்.கே.எஸ். நிறுவனம், நெகிழியின் உள்ளே மெல்லிய அலுமினியப் பட்டை பதித்த மட்கார்டுகளைச் செய்கிறது. நெகிழியின் அரிபடாமையும் உலோகத்தின் விறைப்பும் இதில் சேர்கின்றன. விளிம்பு சிதைந்து உள்ளே உப்புநீர் புகுந்தால் பட்டை அரிபட்டு அடுக்குகள் பிரியும் என்பது இதன் குறை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் செல்லுலாய்டு மட்கார்டுகள் விற்கப்பட்டன. செல்லுலாய்டு, நைட்ரோசெல்லுலோசுடன் கற்பூரம் சேர்த்துச் செய்யப்படுவது. எளிதில் தீப்பற்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிற பொருள்கள்

மரமும் மூங்கிலும் கைவினை வண்டிகளில் காணப்படுகின்றன; ஈரமும் வெயிலும் மாறிமாறி வரும் இடத்தில் அவை பிளக்கும். கரியிழை மட்கார்டு எடை குறைந்தது, விலை மிகுந்தது, இங்குப் பயனற்றது. கண்ணாடியிழை மட்கார்டுகள் கடையில் அரிது. ஆயினும் கட்டுமரங்களின் இடத்தை கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துவிட்ட இக்கரையில், படகைப் பழுதுபார்க்கும் அதே பிசினும் இழைப்பாயும் துருப்பிடித்த மட்கார்டின் உட்புறத்துக்கு நல்ல ஒட்டாகும். துருவை முழுவதும் சுரண்டி எடுத்தபின் ஒட்டினால் மட்டுமே அது நிற்கும்.

எடை ஒப்பீடு

1.2 மீட்டர் நீளமும், விரித்தால் 80 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு பின் மட்கார்டை எடுத்துக்கொள்வோம். 0.6 மி.மீ. மென் எஃகில் அதன் எடை ஏறத்தாழ 450 கிராம். 0.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகில் 385 கிராம், 0.8 மி.மீ. அலுமினியத்தில் 210 கிராம், 2 மி.மீ. பாலிபுரோப்பிலீனில் 175 கிராம். 20 கி.கி. எடையுள்ள வண்டியில் 40 கி.கி. மீன் ஏற்றிச் செல்பவருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. எடையைக் கொண்டு மட்கார்டைத் தெரிவு செய்வது பந்தய வண்டிக்காரர்களின் கவலை. அவர்கள் பெரும்பாலும் மட்கார்டே வைத்துக்கொள்வதில்லை.

தாங்குகம்பியும் திருகாணியும்

மட்கார்டு முறிவுகளில் கவலைக்குரியது தகட்டின் ஓட்டையன்று, தாங்குகம்பியின் முறிவாகும். தகடு துருப்பிடிக்காத எஃகாகவோ நெகிழியாகவோ இருக்க, கம்பியும் திருகாணியும் மெல்லிய துத்தநாக முலாமிட்ட மென் எஃகாக இருப்பது வழக்கம். கம்பியின் நுனியில் தட்டையாக்கித் துளையிட்ட கண் பகுதியில் உப்பு தேங்கி, அவ்விடமே முதலில் அரிபடுகிறது.

முன் தாங்குகம்பி ஓடும்போது முறிந்தால் மட்கார்டின் கீழ்முனை சக்கரத்தின் உள்ளே இழுக்கப்படலாம். அப்போது தகடு மடங்கி டயருக்கும் முன்கவைக்கும் இடையே சிக்கும். சக்கரம் திடீரென நிற்கும். ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாக முன்னே தூக்கி எறியப்படுவார். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஏதேனும் சிக்கினாலும் இதே விளைவு நேரும். மீனவர் ஊர்ச் சாலைகளில் கிடக்கும் நைலான் வலைத் துணுக்கு இத்தகைய பொருள். மெல்லியது, அறாதது, சுற்றிக்கொள்வது. ஐரோப்பிய மட்கார்டுகள் பலவற்றில் முன் தாங்குகம்பி, குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் தானே கழன்றுவிடும் நெகிழிப் பிடியுடன் பொருத்தப்படுவது இதற்காகவே. அப்பிடி இல்லாத வண்டியில் தகட்டுக்கும் டயருக்கும் இடையே 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுவதும், முன் கம்பியின் கண் பகுதியை மாதம் ஒருமுறை அசைத்துப் பார்ப்பதும் குறைந்தபட்சத் தேவைகள்.

பித்தளைத் திருகாணிகளைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அவை சிவந்த துருப்பிடிக்கா. எனினும் இறுக்கத்தில் உள்ள பித்தளை அம்மோனியா ஆவி பட்டால் வெடிக்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்ததிலிருந்தே இந்நிகழ்வு அறியப்பட்டது. இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது. அழுகும் மீனிலிருந்தும் அம்மோனியா வெளிப்படும் என்பதால் மீன் வண்டிக்கு இது முற்றிலும் பொருந்தாத எச்சரிக்கையன்று. 304 வகைத் திருகாணிகளே பாதுகாப்பானவை.

மீன் ஏற்றும் வண்டிகள்

மீன் வணிகத்தில் இன்று மொபெட்டுகள் மிகுதி. எனினும் பெட்ரோல் செலவு தாங்காத சிறு வணிகரிடம் கேரியரில் கூடையோ பெட்டியோ கட்டிய மிதிவண்டி இன்னும் உள்ளது. அவர்களுடைய பின் மட்கார்டின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. மேலே உருகும் பனிக்கட்டி நீர், மீனின் குருதியும் செதிலும் உப்பும் கலந்து, மணிக்கணக்கில் தகட்டின் மேல் சொட்டுகிறது. கீழே சாலை மணல். ஒரே தகடு இருபுறமும் தாக்கப்படுகிறது. கேரியர் கால்கள் மட்கார்டின் மீது உராயும் இடத்தில் பூச்சு நிற்பதே இல்லை.

இங்கு மட்கார்டுப் பொருளை மாற்றுவதைவிட, சொட்டும் நீரைத் திசைதிருப்புவது மலிவான தீர்வாகும். கூடையின் கீழ் ஒரு தடித்த நெகிழித்தாளை ஒருபக்கம் சாய்வாக விரித்து, நீர் சங்கிலி இல்லாத இடப்பக்கம் வழியுமாறு செய்தால் மட்கார்டு, பின் அச்சு, சங்கிலி மூன்றும் தப்பும். பழைய டயரை நீளவாக்கில் வெட்டி மட்கார்டின் மேல் கவிழ்ப்பது நன்றாகத் தோன்றினும், அதன் அடியில் ஈரம் அடைபட்டு எஃகு மட்கார்டு விரைவாக அழியும். நெகிழி மட்கார்டுக்கு அத்தீங்கு இல்லை.

தெரிவு

கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் நாள்தோறும் நிற்கும் வண்டிக்கு, 304 வகைத் தகடும் அதே வகைக் கம்பியும் திருகாணியும் கொண்ட மட்கார்டே நீண்டகாலம் உழைக்கும். தொடக்கச் செலவு கூடுதல். அச்செலவு இயலாதபோது, தடித்த கருப்புப் பாலிபுரோப்பிலீன் மட்கார்டை வாங்கி, கம்பிகளையும் திருகாணிகளையும் மட்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுவது செலவுக்கேற்ற பயனைத் தரும். மலிவான வண்டியுடன் வரும் மெல்லிய குரோமிய முலாம் மட்கார்டைக் காட்டிலும் இது எவ்வகையிலும் மேல்.

பள்ளி மாணவர்களின் நிலை வேறு. தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் மிதிவண்டிகள் மாநிலம் முழுமைக்கும் ஒரே அமைப்பில் வருகின்றன. கடலோரத்துக்கு எனத் தனி வகை இல்லை. அவ்வண்டியைப் பெறும் மாணவர், எஃகு மட்கார்டாயின், புதிதாக இருக்கும்போதே சக்கரத்தைக் கழற்றி உட்புறத்திலும் விளிம்பு மடிப்பிலும் தார்ப்பூச்சு ஒன்றை இட்டுவிடுவது நலம். லாரிகளின் அடிப்பாகத்துக்குப் பூசும் கருப்புப் பூச்சு இதற்குப் போதும். மணல் பட்டால் கெட்டியான எனாமல் சில்லாகப் பெயரும். தார் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் பெயர்வதில்லை. துருப்பிடித்தபின் பூசினால் துரு பூச்சின் அடியில் தொடர்ந்து வளரும். ஆகையால் இவ்வேலையை முதல் வாரத்திலேயே செய்தல் வேண்டும்.

பராமரிப்பு

உப்பை நன்னீரால் கழுவுவதே எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான பராமரிப்பு. குழாயைத் தலைகீழாகப் பிடித்து மட்கார்டின் உட்புறத்தைக் கழுவ வேண்டும். வெளிப்புறத்தை மழையே கழுவும். கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி, மழையில் நனையும் வண்டியைவிட உப்பை மிகுதியாகச் சேர்த்துவைக்கும் என்பதால், பயன்படுத்தாத வண்டிக்கும் கழுவுதல் தேவை.

நன்னீர் கிடைப்பதுதான் இப்பகுதியில் அரிது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்டுள்ளது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவுவது உப்பை நீக்கி உப்பையே மீண்டும் பூசுவதாகும். காட்டுப்பள்ளியில் உருவாகும் நன்னீர் குழாய்வழியே சென்னைக்குச் செல்கிறது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரை கூரைநீரைப் பிடித்துவைத்துக் கழுவலாம். பிற மாதங்களில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உட்புறத்தையும் விளிம்பையும் வாரம் ஒருமுறை துடைத்து, உலர்ந்தபின் திருகாணித் தலைகளிலும் கம்பியின் கண் பகுதிகளிலும் கிரீசு தடவினால் போதும். கிரீசு டயரிலோ ரிம்மிலோ பட்டால் பிரேக் பிடிக்காது; தடவியபின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.